ஒன்பதாம் எண்ணின் ஒரே படம்

அத்தியாயம் 11

மூன்று வாரமாகப் பூதக்கண்ணாடிக்குச் சரியான தூக்கம் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்காக இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு மேலே போகிறேன்.

பூதக்கண்ணாடி என்பது பெற்றவர்கள் வைத்த பெயரல்ல. படுக்கை விரிப்புக்கு அச்சடிக்கும் மில்லில் முப்பத்தொரு வருடம் செக்கராக இருந்தவள் அவள். ஓடுகிற துணியில் ஒரு பூ அரை நூல் தள்ளி விழுந்திருந்தாலும் கையைத் தூக்கிவிடுவாள், இயந்திரம் நின்றுவிடும். மில்லில் வைத்த பட்டப்பெயர் வீடுவரை வந்து ஒட்டிக்கொண்டது. வேலையிலிருந்து ஓய்வு பெற்றாள், கண் ஓய்வு பெறவில்லை. இப்போது மகள் வீட்டில் இருக்கிறாள். பார்ப்பதற்குத் துணி இல்லாததால் மாப்பிள்ளையைப் பார்க்கிறாள்.

மாப்பிள்ளை சிறுத்தைச் சரணாலயத்தில் ஜீப் ஓட்டுகிறவர். காட்டுக்குள் மரங்களில் கட்டியிருக்கும் கேமராக்களிலிருந்து வாரம் ஒருமுறை மெமரி கார்டுகளைக் கழற்றி வருவதும் அவர் வேலைதான். அந்தக் கார்டுகளில் விழுந்திருக்கும் படங்களைப் பார்த்து, இது எந்தச் சிறுத்தை என்று அடையாளம் சொல்கிறவள் மகள். ஒரே சரணாலயம், ஒரே வீடு, ஒரே மதியச் சாப்பாட்டு டப்பா. ஊர் கண் படும்படியான ஜோடிதான்.

அப்படிப்பட்ட மனிதர் மூன்று வாரமாக வேலை முடிந்து ஒன்றரை மணி நேரம் கழித்து வீட்டுக்கு வருகிறார். கேட்டால் "டயர்" என்கிறார். ஒரு ஜீப்புக்கு எத்தனை டயர்? சாப்பிடும்போது பெண்டாட்டியின் முகத்தைப் பார்ப்பதில்லை. நேற்றுக் காலை அவருடைய ஷூ பாலிஷ் டப்பாவைத் திறந்தால், உள்ளே பாலிஷ் இல்லை, டிஷ்யூ பேப்பரில் சுற்றிய ஒரு மெமரி கார்டு. ஏன் திறந்தாள் என்று கேட்காதீர்கள். இரண்டு வாரமாக அந்த வீட்டில் எல்லா டப்பாவையும் அவள் திறந்துகொண்டுதான் இருந்தாள்.

எவளோ ஒருத்தியின் படம் அதில் இருக்கிறது என்று பூதக்கண்ணாடி அந்த நிமிஷமே முடிவு கட்டினாள். கார்டு அவள் கைப்பைக்குள் போயிற்று.

இன்று ஞாயிற்றுக்கிழமை. ஊழியர்களின் குடும்பத்தாருக்குச் சரணாலயத்தைச் சுற்றிக் காட்டும் நாள்.

"நீ வந்தே ஆகணும்மா," என்று மகள் ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். "என் ஒன்பதை நீ பாக்கவே இல்லையே."

"சிறுத்தையைப் பாக்கத்தானே? வரேன்," என்றாள் பூதக்கண்ணாடி. அவள் பார்க்கப் போவது வேறு ஒரு பிராணியை.

ஜீப்பில் பின் இருக்கையில் உட்கார்ந்து மாப்பிள்ளையின் பிடரியையே பார்த்துக்கொண்டு வந்தாள். அவர் கண்ணாடி வழியாக அவளை ஒருமுறை பார்த்துவிட்டுச் சட்டென்று பார்வையைச் சாலைக்குத் திருப்பிக்கொண்டார். திருடனுக்கே உரிய வேகம் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

சரணாலயத்தின் வாசலிலேயே பார்வையாளர் கூடம். நீளமான அறை, சிமெண்ட் தரை, இரண்டு பக்கச் சுவரிலும் படங்கள். ஒவ்வொரு சிறுத்தைக்கும் இரண்டு படம், இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. பெயர் கிடையாது, எண் மட்டும். பெயர் வைத்தால் பாசம் வந்துவிடும், பாசம் வந்தால் கணக்கெடுப்புக் கெட்டுவிடும் என்று மகள் ஒருமுறை சொல்லியிருக்கிறாள்.

வனச் சரக அதிகாரி கூடத்தின் நடுவில் நின்று வந்தவர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். நல்ல உயரம், நல்ல குரல், மீசையில் மட்டும் கொஞ்சம் அலட்சியம்.

"மனுஷனுக்குக் கைரேகை மாதிரி சிறுத்தைக்குப் புள்ளி. ஒண்ணோட புள்ளி இன்னொண்ணுக்கு வராது. அதே சிறுத்தையிலயே இடப்பக்கம் வேற, வலப்பக்கம் வேற. இந்தக் காடு முழுக்கத் தேடினாலும் எட்டுதான் இருந்துச்சு. ஏழு வாரத்துக்கு முன்னாடி ஒன்பதாவது வந்துச்சு. கண்டுபிடிச்சவங்க இதோ நிக்கறாங்க."

எல்லோரும் மகளைப் பார்த்தார்கள். மகள் தரையைப் பார்த்தாள். அடக்கம் என்று எல்லோரும் நினைத்தார்கள், பெற்றவளும் அப்படித்தான் நினைத்தாள். ஆறு வருடம் தற்காலிக ஊழியர் என்று அட்டை மாட்டிக்கொண்டு திரிந்த பெண் இது. ஒன்பது வந்த பிறகுதான் நிரந்தர வேலைக்கான உத்தரவு வந்தது. இவள் அப்பா இருந்திருந்தால் மில் முழுக்க டீ வாங்கிக் கொடுத்திருப்பார்.

"இந்த எட்டுல பெண்ணு ரெண்டுதான்," என்று அதிகாரி தொடர்ந்தார். "இரண்டாம் எண், பல்லு போன கிழவி. குட்டி போடற வயசுல இருந்தது நாலாம் எண் மட்டும்தான். மலைக்கு அந்தப் பக்கம் இருக்கற காட்டுல ஆண் மட்டும்தான் மிச்சம். ஒரு பெண்ணைக் கொடுங்க, கொடுங்கன்னு நாலு வருஷமா கேக்கறாங்க. எங்ககிட்ட இருக்கறதே ஒண்ணு, எப்படிக் கொடுக்கறது? இப்ப ஒன்பது வந்தாச்சு, அதுவும் பெண்ணு. செவ்வாய்க்கிழமை நாலை மயக்க ஊசி போட்டுப் பிடிச்சு அனுப்பறோம்."

கைதட்டினார்கள். பூதக்கண்ணாடியும் தட்டினாள். தட்டிக்கொண்டே மாப்பிள்ளையைத் தேடினாள்.

அவர் வாசல் பக்கம் ஒதுங்கி நின்று கால்நடை மருத்துவரோடு பேசிக்கொண்டிருந்தார். மருத்துவர் ஒரு பெண். முப்பது வயதுக்கு மேல் இருக்காது. குரல் தாழ்ந்திருந்தது. அவர் ஏதோ கெஞ்சுகிறார், அவள் தலையை ஆட்டி மறுக்கிறாள்.

'அப்படியா சங்கதி' என்று பூதக்கண்ணாடி மனதுக்குள் சொல்லிக்கொண்டாள்.

முறைத்துப் பார்த்தால் பறவை பறந்துவிடும். அவள் அவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எதிர்ச் சுவருக்குப் போனாள். நாலாம் எண்ணின் இடப்பக்கப் படத்தின் முன் நின்று, கைப்பையிலிருந்து மூடி போட்ட கையடக்கக் கண்ணாடியை எடுத்துத் திறந்து, முடியைச் சரிசெய்வதுபோல் தூக்கிப் பிடித்தாள். மில்லிலிருந்து கூடவே வந்த கண்ணாடி அது. அச்சுத் திரையைத் தலைகீழாக, இடவலமாக மாற்றி மாட்டிவிட்டார்களா என்று பார்க்க எல்லாச் செக்கரும் ஒன்று வைத்திருப்பார்கள்.

கண்ணாடியில் மாப்பிள்ளை தெரிந்தார். மருத்துவர் தெரிந்தாள். அவர்கள் தலைக்கு மேலே வாசலின் மேல் ஆளுயரத்துக்கு மாட்டியிருந்த ஒன்பதாம் எண்ணின் படமும் தெரிந்தது.

பூதக்கண்ணாடி கண்ணாடியைப் பார்த்தாள். நிமிர்ந்து எதிரே இருந்த படத்தைப் பார்த்தாள். மறுபடியும் கண்ணாடியைப் பார்த்தாள்.

எதிரே நாலாம் எண்ணின் தோளில் மூன்று வளையங்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. அதன் கீழே வாய் பிளந்த ஒரு வளையம், உள்ளே இரண்டு பொட்டு. விலாவில் ஒரு வளையம் மட்டும் நசுங்கி, நீண்டு, முதுகைப் பார்த்துத் திரும்பியிருந்தது. கண்ணாடிக்குள் இருந்த ஒன்பதுக்கும் அதே மூன்று வளையம், அதே பிளந்த வாய், அதே இரண்டு பொட்டு, அதே நசுங்கல்.

கண்ணாடியை மூடிவிட்டுத் திரும்பி ஒன்பதை நேராகப் பார்த்தாள். நேராகப் பார்த்தால் அது வேறு சிறுத்தை. வலப்பக்கம் காட்டி நிற்கிற, யாரும் பார்த்திராத புதுச் சிறுத்தை. கண்ணாடியில் மட்டும்தான் அது நாலாம் எண்.

ஒருமுறை மில்லில் நாலாயிரம் மீட்டர் துணியில் கொடி மறுபக்கமாக வளைந்து அச்சாகிவிட்டது. மேனேஜர்கூட அழகாக இருக்கிறது என்றார். அவள்தான் கண்ணாடியை வைத்துக் காட்டினாள். அன்று வந்த அதே குளிர் இப்போது அவள் முதுகில் இறங்கியது.

"இந்த ஒன்பதுக்கு ஒரே படம்தானா?" என்று பக்கத்தில் வந்த மகளிடம் கேட்டாள். "இடப்பக்கம் இல்லையா?"

"இன்னும் கிடைக்கலம்மா. கூச்ச சுபாவம்."

"ஏழு வாரமாவா?"

மகள் சிரித்தாள். "நீ செக்கர் வேலைய விடவே மாட்டியா? வா, டீ குடிக்கலாம்."

மகளுக்குத் தெரியாது, பாவம். படத்தைக் கொண்டுவந்து கொடுக்கிறவன் ஏமாற்றினால் அறையில் உட்கார்ந்து பார்க்கிறவளுக்கு என்ன தெரியும்? பூதக்கண்ணாடிக்கு எல்லாம் விளங்கிவிட்டது. மாப்பிள்ளைதான் ஏதோ தில்லுமுல்லு செய்து பெண்ணைக் கிணற்றில் தள்ளியிருக்கிறார். பாலிஷ் டப்பா, டயர், கெஞ்சல் எல்லாம் அதற்குத்தான்.

அவள் டீயை வேண்டாம் என்றாள்.

"மாப்பிள்ளை, அந்த ஒன்பதைப் படம் பிடிச்ச இடம் எங்க இருக்கு? எனக்குக் காட்டுங்க."

மாப்பிள்ளை மனைவியைப் பார்த்தார். மகளின் முகத்தில் ஒரு நொடி என்னவோ ஓடி மறைந்தது. "வெயில் ஏறிடுச்சு. எதுக்கும்மா இப்ப?" என்றாள்.

"நான் வந்ததே ஒன்பதைப் பாக்கத்தானே. அது நின்ன இடத்தையாவது பாத்துட்டுப் போறேன்."

ஜீப் இருபது நிமிடம் குலுங்கியது. மகள் கூடத்திலேயே இருந்துவிட்டாள். பாதை முடிந்த இடத்தில் ஒரு குட்டை. காற்றே இல்லை. இந்தக் கரையில் ஒரு மரத்தில் முழங்கால் உயரத்தில் கேமரா கட்டியிருந்தது. எதிர்க்கரையில் பட்டுப்போன ஒரு மரத்தின் அடிக்கட்டை.

பூதக்கண்ணாடி இறங்கியதும் கைப்பையைத் திறந்து டிஷ்யூ பேப்பரை எடுத்தாள்.

"இது என்ன மாப்பிள்ளை?"

அவர் அதைப் பார்த்ததும் ஜீப்பின் கதவைப் பிடித்துக்கொண்டார். பயப்படுவார் என்று அவள் எதிர்பார்த்தாள். அவரோ நிம்மதியாக மூச்சு விட்டார்.

"நீங்கதான் எடுத்தீங்களா அத்தை? நேத்துலேர்ந்து உயிரே போயிடுச்சு. அவ எடுத்துட்டாளோன்னு நினைச்சேன்."

"யாரு?"

அவர் எதிர்க்கரையைக் கை காட்டினார். "நாலு அந்தக் கட்டைகிட்ட வந்து தண்ணி குடிச்சிருக்கு. இடப்பக்கம் காட்டி. முன்னாடி புல்லு மறைச்சுது, உடம்பு சரியா விழல. தண்ணியப் பாருங்க அத்தை."

அவள் பார்த்தாள். தண்ணீரில் அடிக்கட்டை தலைகீழாக நின்றது. கரையில் இருப்பதைவிடத் தண்ணீரில் துல்லியமாக இருந்தது.

அவளுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. தண்ணீரில் தலைகீழாக விழுந்த சிறுத்தையை மட்டும் வெட்டி எடுத்து, நிமிர்த்தி வைத்தால் இடவலம் மாறிவிடும். இடப்பக்கம் வலப்பக்கமாகிவிடும். வலப்பக்கத்தை வலப்பக்கங்களோடுதானே ஒப்பிடுவார்கள்? எதோடும் சேராது. ஒரு புதுச் சிறுத்தை பிறந்துவிடும்.

"வெட்டினது யாரு?" என்றாள். கேட்கும்போதே குரல் இறங்கிவிட்டது. படத்தை வெட்டும் அறையின் சாவி யாரிடம் இருக்கிறது என்பது அவளுக்குத் தெரியும்.

"தெரிஞ்சு பண்ணல அத்தை. அன்னிக்கு ஆயிரத்து நூறு படம் பாத்தா. தெளிவா இருந்ததை வெட்டி, நிமித்தி வச்சிட்டா. தப்புதான், ஆனா பொய் இல்ல. தலைமை ஆபீஸ்ல கொண்டாடிட்டாங்க. ஆர்டர் வந்துச்சு. அப்புறம் ஒரு நாள் முழுப் படத்தையும் மறுபடி பாத்திருப்பா போல. கம்ப்யூட்டர்ல அந்த முழுப் படம் இல்ல இப்ப. கார்டு உடைஞ்சிடுச்சு, தூக்கிப் போட்டுட்டேன்னு என்கிட்ட சொன்னா. மூணு வாரத்துக்கு முன்னாடி அவளோட பழைய மூக்குக் கண்ணாடிக் கூட்டுல கிடைச்சுது. போட்டுப் பாத்தேன், முழுப் படம் அதுல அப்படியே இருந்துச்சு. நான் எடுத்து ஒளிச்சு வச்சேன்."

"கேக்க வேண்டியதுதானே அவளை?"

"கேட்டா பொய் சொல்லுவா. ஒரு தடவை என் முகத்தைப் பாத்துச் சொல்லிட்டான்னா, அப்புறம் நாங்க எப்படிக் குடித்தனம் பண்றது?" அவர் தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்தார். "தினமும் சாயங்காலம் இங்க வந்து உக்காந்து பாக்கறேன். நெசமாவே ஒரு ஒன்பது வந்துடாதான்னு. டாக்டர்கிட்டயும் சொன்னேன், நாலுக்கு உடம்பு சரியில்லைன்னு எழுதித் தள்ளிப் போடுங்கன்னு. முடியாதுன்னுட்டாங்க. நாலு போயிட்டா இந்தக் காட்டுல குட்டி போட யாரும் இல்ல அத்தை. இருக்கற ஏழும் செத்தா கதை முடிஞ்சுது."

பூதக்கண்ணாடி தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று வாரமாக இந்த மனிதரின் சட்டைப் பையைத் துழாவியிருக்கிறாள். வெட்கமாக இருந்தது. ஆனாலும் மனம் முழுதாக விட்டுக்கொடுக்கவில்லை. பெற்ற வயிறு அப்படி லேசில் ஒத்துக்கொள்ளுமா? பழியைப் பெண்டாட்டி தலையில் போட்டுத் தப்பிக்கிற புருஷன்களை அவள் பார்த்ததில்லையா என்ன?

"நீங்க சொல்றதை நான் எப்படி நம்பறது மாப்பிள்ளை?"

"நம்ப வேண்டாம் அத்தை," என்றார் அவர். "அவளையே கேளுங்க."

கூடத்துக்குத் திரும்பியபோது கூட்டம் கலைந்திருந்தது. மகள் தனியாக நின்று காலி டீ கோப்பைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை ஜீப்பை விட்டு இறங்கவில்லை.

எப்படிக் கேட்பது என்று வழியெல்லாம் யோசித்து வந்தவள், கடைசியில் காய்கறிக் கடைப் பேச்சுப் போலத்தான் கேட்டாள்.

"மாப்பிள்ளையோட பாலிஷ் டப்பாவுல ஒரு கார்டு இருந்துச்சு. நான் எடுத்து வச்சிருக்கேன். என்ன கார்டுடி அது?"

கோப்பை அடுக்குவது நின்றது.

"கொடும்மா. அது கெட்டுப் போன கார்டு."

உலகத்தில் எத்தனையோ கார்டு இருக்கிறது. புருஷன் டப்பாவில் எதற்கு ஒளித்துவைத்தார் என்று பெண்டாட்டி கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. கையை மட்டும் நீட்டினாள். சின்ன வயதில் பள்ளிக்கூடம் விட்டு வந்து தின்பண்டத்துக்கு நீட்டுகிற அதே கை.

பூதக்கண்ணாடி கைப்பையைத் திறந்தாள். கார்டு விரலில் பட்டது. அதை விட்டுவிட்டுக் கண்ணாடியை எடுத்து மகளின் உள்ளங்கையில் வைத்தாள்.

"இதுல ஒன்பதைப் பாத்துட்டு வா. அப்புறம் பேசலாம்."

மகள் ஒன்பதின் பக்கம் திரும்பவே இல்லை. கண்ணாடியைத் திறக்கவும் இல்லை. அதை மூடியபடியே பிடித்துக்கொண்டு நின்றாள். பெற்றவளுக்கு அதற்கு மேல் சாட்சி வேண்டியிருக்கவில்லை.

"அவருக்குத் தெரியுமா?" என்று கேட்டாள் மகள்.

"மூணு வாரமா."

"முதல்ல தப்புதாம்மா. சத்தியமா தப்புதான். நானே கண்டுபிடிச்சப்ப ஆர்டர் வந்து நாலு நாள் ஆயிடுச்சு." அவள் கூடத்தைச் சுற்றிக் கை காட்டினாள். "ஆறு வருஷம் இந்தக் கூடத்துல நான் யாருன்னு ஒருத்தரும் கேக்கலம்மா. ஒன்பது வந்தப்புறம்தான் கேட்டாங்க. நாலைப் பிடிச்சு அனுப்புவாங்கன்னு அப்ப எனக்குத் தெரியாது. தெரிஞ்சப்புறம் சொல்ல வாய் வரல. செவ்வாய்க்கிழமைக்குள்ள எப்படியாவது சொல்லிடலாம்னு..."

"இன்னும் ரெண்டு நாள் இருக்கு," என்றாள் பூதக்கண்ணாடி. கோபமாகச் சொல்ல நினைத்தது கெஞ்சலாக வந்தது.

வெளியே ஒரு லாரி வந்து நின்றது. மேலே தார்ப்பாய் மூடிய பெரிய கூண்டு. சரக அதிகாரி கையில் ஒரு அட்டையோடு உள்ளே விரைந்து வந்தார்.

"நல்லவேளை, இங்கயே இருக்கீங்க. நாலு மேற்குச் சரிவுல இறங்கியிருக்காம், காவலர் இப்பத்தான் பாத்துட்டுச் சொல்றார். இதை விட்டா மறுபடி எப்ப கிடைக்குமோ. செவ்வாய் வரைக்கும் எதுக்குக் காத்திருக்கணும், இப்பவே கிளம்பறோம். உங்க கையெழுத்து ஒண்ணுதான் பாக்கி." அட்டையையும் பேனாவையும் நீட்டினார்.

மகள் வாங்கிப் படித்தாள். பூதக்கண்ணாடியும் தோளுக்கு மேலாகப் படித்தாள். மூன்றே வரி. குட்டி போடும் வயதில் இன்னொரு பெண் சிறுத்தை இந்தக் காட்டில் இருக்கிறது என்று அடையாளப் பிரிவு உறுதி செய்கிறது. கீழே கோடு.

மகள் அட்டையைப் பக்கத்து மேஜை மேல் வைத்தாள். "ஒரு நிமிஷம் சார்," என்றாள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "அம்மாவை ஜீப்ல ஏத்திவிட்டுட்டு வந்துடறேன். அவங்களுக்கு வெயில் ஒத்துக்காது."

மகள் அவள் தோளைத் தொட்டாள். அந்தத் தொடுதலில் என்ன கேட்கிறாள் என்பது அம்மாவுக்குத் தெரிந்தது. பார்க்காதே என்று கேட்கிறாள். இந்த ஒரு தடவை மட்டும் பார்க்காதே.

மில்லில் எத்தனையோ பேர் இப்படிக் கேட்டிருக்கிறார்கள். அவர்கள் யாரையும் அவள் பெறவில்லை. வாசலில் ஜீப்பும், அதற்குப் பின்னால் லாரியும் அணைக்காத இன்ஜினோடு உறுமிக்கொண்டிருந்தன.

பூதக்கண்ணாடி ஒரு நாற்காலியை இழுத்து, கையெழுத்துப் போட வேண்டிய மேஜைக்கு எதிரே போட்டு உட்கார்ந்தாள். கைப்பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"எனக்கு ஒண்ணும் இல்ல. நான் இங்கயே இருக்கேன்," என்றாள். "நீ என்ன எழுதணுமோ எழுது. நான் பாத்துட்டு இருக்கேன்."

மகள் ஒரு கையில் கண்ணாடியும் ஒரு கையில் பேனாவுமாக நின்றாள். அப்புறம் கண்ணாடியை மேஜை மேல் வைத்துவிட்டு, அட்டையின் மீது குனிந்தாள்.